மலையிலிருந்து வால்வெள்ளியைப் படமெடுப்பது: முழுமையான வழிகாட்டி

வால்வெள்ளிப் படம் கைநழுவிப் போவதற்குக் கேமரா காரணமாக இருப்பது அரிது. வால்வெள்ளி தெரியவேண்டிய திசையில் பக்கத்து மலை குறுக்கே நிற்கும். இல்லையென்றால், நன்றாக இருட்டட்டும் என்று காத்திருந்து, இருட்டியபோது அது அடிவானத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலைகளைப் பற்றியது. எந்த லென்ஸ், எத்தனை நொடி என்பதெல்லாம் பிறகு.

எந்த வால்வெள்ளி, எந்த நாட்கள்

சூரியனை நெருங்க நெருங்கத்தான் வால்வெள்ளி பொலிவு பெறும். அது சிறப்பாக ஒளிரும் நாட்களில் வானத்தில் சூரியனுக்குப் பக்கத்திலேயே இருப்பதும் அதனால்தான். 2020 ஜூலையில் வந்த நியோவைஸ், 2024 அக்டோபரில் வந்த சூசின்ஷான்-அட்லஸ் இரண்டையுமே உலகம் அந்தியிலோ விடியலிலோ, அடிவானத்துக்குச் சற்று மேலேதான் பார்த்தது. 1996 மார்ச்சில் ஹயாகுடாகே பூமியிலிருந்து சுமார் ஒன்றரைக் கோடி கிலோமீட்டர் தொலைவில் கடந்து போனதால் வடக்கு வானில் உயரத்தில், நள்ளிரவிலும் தெரிந்தது. அப்படி வாய்ப்பது அபூர்வம். தாழ்வாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

முன்னறிவிப்புகளை அப்படியே நம்பாதீர்கள். நூற்றாண்டின் வால்வெள்ளி என்று பேசப்பட்ட ஐசான், 2013 நவம்பர் 28 அன்று சூரியனைச் சுற்றி வரும்போதே சிதைந்துபோனது. 2020 வசந்தத்தில் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட ஓர் அட்லஸ் வால்வெள்ளி ஏப்ரலில் துண்டு துண்டாக உடைந்தது. விடுப்பு எடுத்து மலையேறுவதற்கு முன், கடந்த இரண்டு மூன்று நாட்களில் பார்த்தவர்கள் சொல்லும் பொலிவை எடுத்துப் பாருங்கள். ‘கோப்ஸ்’ எனப்படும் வால்வெள்ளி அவதானிப்புத் தரவுத்தளத்தில் உலகெங்கிலுமிருந்து இத்தகைய பதிவுகள் வந்துகொண்டே இருக்கும்.

பொலிவு எண்ணைப் (எண் சிறிதானால் ஒளி அதிகம்) படிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு விண்மீனின் பொலிவெண் 4 என்றால் அந்த ஒளி முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருக்கிறது. வால்வெள்ளியின் பொலிவெண் 4 என்றால் அதே ஒளி தலைப்பகுதி முழுக்கப் பரவிக் கிடக்கிறது. ஆகவே அது எண் காட்டுவதைவிட மங்கலாகத்தான் கண்ணுக்குப் படும்; வால் இன்னும் மங்கல். மலையின் இருட்டு எதற்கு என்றால் இந்த வாலுக்காகத்தான். தலையை நகரத்திலிருந்துகூட எடுத்துவிடலாம்.

நிலாவையும் பாருங்கள். முழுநிலா வாலை விழுங்கிவிடும். மூன்று நான்கு நாள் வயதுப் பிறை வேறு கதை. மலைச்சரிவில் மெல்லிய வெளிச்சம் பூசி, முன்புறக் காட்சியைத் தனியாக எடுக்கவேண்டிய வேலையை மிச்சப்படுத்தும்.

உயரத்தைவிடத் திசை முக்கியம்

மலை என்ன தருகிறது? முதலில், மெல்லிய காற்று. அடிவானத்திலிருந்து 5 டிகிரி உயரத்தில் இருக்கும் பொருளின் ஒளி, தலைக்கு நேர் மேலே இருப்பதன் ஒளியைப்போல் பத்து மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. கடல் மட்டத்தில் நல்ல தெளிவான இரவிலும் இதனால் மூன்றுக்குச் சற்றுக் குறைவான பொலிவெண் இழப்பு ஏற்படும். 2000 மீட்டர் உயரத்தில் இழப்பு இரண்டை ஒட்டி நிற்கும். அதே வால்வெள்ளி மலையில் ஏறத்தாழ இருமடங்கு ஒளியோடு கேமராவுக்குள் வரும். பள்ளத்தாக்கின் தூசியும் பனிமூட்டமும் காலுக்குக் கீழே தங்கிவிட்டால் ஆதாயம் இன்னும் கூடும். இரண்டாவது, அடிவானமே கீழிறங்குகிறது. 2000 மீட்டர் உயரத்தில் நின்று சமவெளியையோ கடலையோ பார்த்தால் அது ஒன்றேகால் டிகிரிக்குச் சற்று அதிகமாகத் தாழ்ந்திருக்கும். வெப்பமண்டலத்தில் இது ஐந்து நிமிடம் கூடுதலாகக் கிடைப்பதற்குச் சமம்.

ஆனால் எதிரே இன்னொரு மலை இருந்தால் இவ்வளவும் வீண். உங்களைவிட 1000 மீட்டர் உயர்ந்த சிகரம் 5 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அது வானத்தில் 11 டிகிரி வரை மறைக்கும். அதே சிகரம் 20 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் மறைப்பு 3 டிகிரிதான். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 300 மீட்டர் உயரமுள்ள சாதாரணக் குன்றோ கிட்டத்தட்ட 17 டிகிரியை அடைத்துவிடும். எனவே 3000 மீட்டர் உயரத்தில் நாலாபுறமும் சிகரம் சூழ்ந்த கிண்ணத்தைவிட, 1200 மீட்டரில் மேற்கே திறந்த ஒரு மலைவிளிம்பு மேல். மாலை வால்வெள்ளிக்கு மேற்குச் சரிவு, விடியல் வால்வெள்ளிக்குக் கிழக்குச் சரிவு. ‘உச்சிக்குத்தான் போவேன்’ என்ற பிடிவாதத்தை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஸ்டெல்லேரியம் என்ற வான்காட்சிச் செயலியில் வால்வெள்ளியைத் தேடி, சூரியன் அடிவானத்துக்குக் கீழே 8, 10, 12 டிகிரி இருக்கும் நேரங்களில் அதன் உயரத்தையும் திசைக்கோணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வால்வெள்ளியின் பாதை எண்கள் அவ்வப்போது திருத்தப்படும்; செயலியில் அவற்றைப் புதுப்பிக்காவிட்டால் அது காட்டும் இடம் தவறாகிவிடும். பிறகு பீக்ஃபைண்டர் என்ற செயலியில் உங்கள் இடத்தைக் கொடுத்தால், அங்கிருந்து தெரியும் மலைகளின் கோட்டுருவத்தைக் கோண அளவோடு வரைந்து காட்டும். இரண்டையும் ஒப்பிட்டால் எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பது தெரிந்துவிடும்.

இடத்துக்குப் போனபின் கையாலேயே அளக்கலாம். கையை நன்றாக நீட்டிப் பிடித்தால் மூடிய முட்டியின் அகலம் சுமார் 10 டிகிரி, சுண்டுவிரலின் அகலம் ஒரு டிகிரி. வால்வெள்ளி 9 டிகிரியில் இருக்கவேண்டிய நேரத்தில் எதிர் மலை ஒரு முட்டி அளவு எழுந்து நின்றால், வெளிச்சம் இருக்கும்போதே இடத்தை மாற்றுங்கள்.

கைக்கு வரும் நேரம் எவ்வளவு?

சூரியன் 6 டிகிரி கீழே போகும்வரை வானம் வெளிச்சமாகவே இருக்கும். 12 டிகிரியில் பிரகாசமான வால்வெள்ளி கண்ணுக்கு எட்டும். 18 டிகிரியில்தான் முழு இருட்டு. வெப்பமண்டலத்தில் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குவதால் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி கணக்கு. சூரியன் 8 டிகிரி கீழே இருக்கும்போது வால்வெள்ளி 10 டிகிரி மேலே இருந்தால், அது மறைய 40 நிமிடம். அதில் கடைசி 10 நிமிடம் அடிவான மங்கலில் போய்விடும். முதல் 10 நிமிடம் வானம் இன்னும் வெளுத்திருக்கும். ஆக, நடுவில் கிடைப்பது 20 நிமிடம். துருவங்களை நோக்கிப் போகப் போக அந்தி நீளும், சூரியன் சாய்வாக இறங்கும், அவகாசம் கூடும்.

இந்த 20 நிமிடத்தில் ஃபோகஸ் செய்வதும் லென்ஸ் மாற்றுவதும் கூடாது. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள்.

விடியல் வால்வெள்ளிக்கு எல்லாம் தலைகீழ். இருட்டில் நிதானமாகத் தயாராகலாம், வால் முதலில் எழும், தலை பின்னால் வரும். எனக்கு விடியல்தான் பிடிக்கும். இரவு முழுக்கக் காற்று அடங்கி, தூசி படிந்திருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: டெலிஃபோட்டோ லென்ஸோ பைனாகுலரோ கண்ணில் இருக்கும்போது சூரியன் எட்டிப் பார்த்தால் பார்வை போகும். உதய நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு அலாரம் வைத்து நிறுத்திவிடுங்கள். மாலையிலும் சூரியன் முழுதாக மறைந்தபிறகே பைனாகுலரை எடுங்கள்.

லென்ஸ்

முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் மலைத்தொடரையே அள்ளிக்கொள்ளும். வால்வெள்ளி ஒரு கீறலாகத் தெரியும். 50 மில்லிமீட்டர் சுமார் 40 டிகிரி அகலமும் 27 டிகிரி உயரமும் காட்டும். 85-ல் அது 24-க்கு 16, 135-ல் 15-க்கு 10, 200-ல் 10-க்கு 7.

ஒரே ஒரு லென்ஸ்தான் தூக்க முடியும் என்றால் 85-ஐத் தூக்குவேன். பத்து டிகிரி வால் அதில் முழுதாக அடங்கும், கீழே மலைவிளிம்புக்கும் இடமிருக்கும். எஃப்/1.8 அளவுள்ள 85 லென்ஸ்கள் பல நிறுவனங்களிடமும் உண்டு, எடையும் குறைவு. 200-க்கு மேல் போனால் மலை போய்விடும், தலை மட்டும் மிஞ்சும். அதை எடுக்க மலையேற வேண்டியதில்லை.

இருக்கும் கேமரா போதும். விண்மேகங்களுக்காகச் சிவப்பு உணர்திறன் கூட்டி மாற்றியமைத்த கேமரா இதற்குத் தேவையே இல்லை. வால்வெள்ளியின் வாயு வால் நீலம். கார்பன் மோனாக்சைடு அயனிகளிலிருந்து வரும் ஒளி. தலையின் பச்சை, இரு அணுக் கார்பன் மூலக்கூறுகளிலிருந்து வருவது. தூசு வால் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவதால் மஞ்சள் சாயலோடு வளைந்திருக்கும். மூன்றையும் சாதாரண சென்சார் நன்றாகவே பதியும்.

வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கவேண்டியவை

ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கால்களின் மெல்லிய கடைசிப் பகுதியையும் நீட்டாதீர்கள். மலைவிளிம்பில் அந்தி நேரத்துக் காற்று பலமாக இருக்கும். பையை நடுவில் தொங்கவிடுவதானால் அது தரையைத் தொடட்டும். அந்தரத்தில் ஆடினால் அதுவே அதிர்வைக் கொண்டுவரும். கேமராவின் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், காற்றில் படபடக்கும்.

அமைப்புகள்: ரா கோப்பு, மேனுவல் முறை, வெள்ளைச் சமநிலை 4000 கெல்வினை ஒட்டி, அதிர்வுத் தடுப்பு அணைத்து, நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் (படத்தில் விழும் புள்ளிக் கறை) நீக்கமும் அணைத்து. கடைசியாகச் சொன்னதை மறந்தால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் கேமரா அதே அளவு நேரம் கண்ணை மூடிக்கொள்ளும். 20 நிமிடத்தில் 10 நிமிடம் போய்விடும். ஷட்டருக்கு இன்டர்வலோமீட்டர் (குறித்த இடைவெளியில் தானே படமெடுக்க வைக்கும் கருவி) வையுங்கள், அல்லது 2 நொடி தாமதம்.

ஃபோகஸுக்கு வெள்ளியோ வியாழனோ தெரிந்தால் கொடுத்துவைத்தவர். இல்லையென்றால் முதலில் தோன்றும் பிரகாசமான விண்மீன். லைவ் வியூவில் அதைப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மெல்லத் திருப்பினால் ஒளிவட்டம் சுருங்கிப் புள்ளியாகும், இன்னும் திருப்பினால் மறுபடி விரியும். இரண்டு பக்கமும் ஒருமுறை தாண்டிப் போய், நடுவில் மிகச் சிறியதாக இருக்கும் இடத்துக்குத் திரும்புங்கள். திறந்த எஃப் எண்ணில் விண்மீனைச் சுற்றி ஊதாவோ பச்சையோ சாயல் தெரியும். ஃபோகஸ் ஒரு பக்கம் நகர்ந்தால் ஊதா, மறுபக்கம் பச்சை என்று மாறும். இரண்டும் குறைந்திருக்கும் இடம்தான் சரி. பிறகு வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப். லென்ஸில் எழுதியிருக்கும் முடிவிலிக் குறியை நம்பவே வேண்டாம். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஃபோகஸும் நகரும், அரை மணிக்கு ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நொடி

விண்மீன்கள் கோடாகாமல் எடுக்க 500-ஐக் குவியதூரத்தால் வகு என்று ஒரு பழைய விதி உண்டு. ஃபிலிம் காலத்துக்கு அது சரி. வானம் நொடிக்கு 15 வில்விநாடி (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) நகர்கிறது. 6 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 25 வில்விநாடி. விதிப்படி 10 நொடி வைத்தால் 150 வில்விநாடி, அதாவது ஆறு பிக்சல் நீளக் கோடு. இன்றைய திரையில் அது கண்ணை உறுத்தும். 500-க்குப் பதில் 250 என்று வையுங்கள்: 50-க்கு 5 நொடி, 85-க்கு 3, 135-க்கு 2, 200-க்கு ஒரு நொடியும் சொச்சமும்.

எஃப்/2 அல்லது 2.8, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்குங்கள். ஹிஸ்டோகிராமின் (படத்தின் இருட்டு, வெளிச்சப் பங்கைக் காட்டும் வரைபடம்) மேடு இடது ஓரத்தை விட்டுப் பிரிந்து, கால்பங்கு தூரத்தில் நிற்க வேண்டும். அந்தி மங்க மங்க ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டே போங்கள். நொடியையும் எஃப் எண்ணையும் தொட வேண்டாம். தலையின் நடுப்புள்ளி வெளுத்துப்போகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எடுக்கத் தொடங்குங்கள். கேமரா கண்ணைவிட முந்திக்கொள்ளும். சூரியன் 7 டிகிரி கீழே இருக்கும்போதே திரையில் ஒரு மங்கல் புள்ளி விழும். அதைச் சட்டத்தின் கீழ்ப்பகுதியில் வையுங்கள். வால் சூரியனுக்கு எதிர்த்திசையில், அதாவது அடிவானத்திலிருந்து மேல்நோக்கி நீளும். திரையில் தெரிவதைவிட இருமடங்கு நீளம் பின்னால் கணினியில் வெளிப்படும், மேலே இடம் விடுங்கள்.

ஒரு படத்தோடு நிறுத்தாமல் நூறு, நூற்றைம்பது என்று எடுத்துக்கொண்டே போங்கள். 16 படங்களைக் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும், 64 படங்களில் எட்டில் ஒரு பங்கு. ட்ராக்கர் (வானத்தோடு சேர்த்துக் கேமராவைச் சுழற்றும் கருவி) இல்லாத குறையை இது பெருமளவு ஈடுகட்டும்.

ட்ராக்கர் இருந்தால்

வானத்தோடு சேர்ந்து சுழலும் ட்ராக்கரில் ஒரு படத்துக்கு 30 நொடி, ஒரு நிமிடம் என்று போகலாம். சிக்கல் இரண்டு. வட அரைக்கோளத்தில் துருவ விண்மீனை வைத்து அச்சைச் சரிசெய்ய வேண்டும். உங்கள் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் அது இருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகே என்றால் வடக்கு மலை அதை மறைத்துவிடலாம். தவிர, மாலை வால்வெள்ளிக்குத் துருவ விண்மீன் தெரியும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும். திசைகாட்டியும் சாய்வுமானியும் வைத்துப் பகலிலேயே தோராயமாகத் திருப்பி வையுங்கள். 135 வரையிலான லென்ஸில் பத்துப் பதினைந்து நொடிக்கு இது தாராளம்.

இன்னொன்று, வால்வெள்ளி விண்மீன்களோடு சேர்ந்து நகர்வதில்லை. நாளுக்கு 3 டிகிரி நகரும் வால்வெள்ளி நிமிடத்துக்கு ஏழரை வில்விநாடி இடம் மாறும். 135 லென்ஸில் ஒரு பிக்சல் 9 வில்விநாடி என்றால் ஒரு நிமிடப் படத்தில் மங்கல் தெரியாது. ஆனால் அரை மணி நேரத்தில் அது 25 பிக்சல் தள்ளிப் போயிருக்கும். அடுக்கும்போது இதற்குத் தனி வழி தேவை.

மலை

முன்புறத்துக்கு, வால்வெள்ளி மறைந்தபின் ட்ரைபாடை அசைக்காமல் ஐஎஸ்ஓவைக் குறைத்து ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று மூன்று நான்கு படங்கள் எடுங்கள். ட்ராக்கரில் என்றால் அதை நிறுத்திவிட்டு எடுக்கவேண்டும். டார்ச் அடித்து மரங்களை வெளிச்சமாக்குவது எனக்கு ஒவ்வாது; அந்தியின் மிச்ச ஒளியே சரிவுகளின் வடிவைக் காட்டிவிடும். வேறொரு நாளில் எடுத்த மலையை ஒட்டவைப்பதானால் அதைப் படக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

குளிரும் பனியும்

ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில் வெப்பம் குறையும். குளிரில் பேட்டரி சட்டென்று தீர்ந்ததாகக் காட்டும். உள்சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கினால் மறுபடி கொஞ்சம் ஓடும். மாற்றுப் பேட்டரிகளின் இடம் கேமராப் பையல்ல, உங்கள் உடம்பு. லென்ஸில் நீர்த்திவலை படிவது இன்னும் பெரிய எதிரி. யுஎஸ்பியில் ஓடும் சூடாக்கும் பட்டையை லென்ஸ் முனையில் சுற்றிவிட்டால் கவலையில்லை. துணியால் துடைக்காதீர்கள், அடுத்த நிமிடமே மறுபடி படியும். துடைக்கும்போது ஃபோகஸும் கலையும்.

வானிலையில் மேகத்தை மட்டும் பார்க்காமல், வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள இடைவெளியையும் பாருங்கள். இரண்டும் நெருங்கினால் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவரும். மழை கழுவிவிட்டுப் போன மறுநாள் வறண்ட காற்று வீசினால், அந்த நாளைத் தவறவிடக் கூடாது.

சிவப்பு விளக்குள்ள நெற்றி டார்ச், திரும்பும் வழியின் வரைபடம் கைப்பேசியில் இறக்கியது, கூட ஓர் ஆள். 2500 மீட்டருக்கு மேல் என்றால் தலைவலி, குமட்டல் வந்தவுடன் இறங்குவதுதான் மருந்து. இருட்டில் விளிம்புப் பக்கம் பின்னோக்கி நடக்கவே கூடாது. படம் எடுப்பவர்கள் செய்வது பெரும்பாலும் இதைத்தான்.

இறங்கும்போது வண்டிக்குள் போவதற்கு முன் கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். குளிர்ந்த கேமரா சூடான ஈரக்காற்றைத் தொட்டால் உள்ளேயும் வேர்க்கும். மெமரி கார்டை மட்டும் முன்பே எடுத்துக்கொள்ளலாம்.

கணினியில்

லென்ஸ் மூடியைப் போட்டு, அதே நொடி, அதே ஐஎஸ்ஓவில் இருபது ‘டார்க்’ படங்கள் மலையிலேயே எடுத்திருக்க வேண்டும். சென்சாரின் சூட்டுப் புள்ளிகள் இவற்றால் நீங்கும். படங்களை அடுக்கும் மென்பொருள்களான டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் இரண்டும் இலவசம், இரண்டிலுமே வால்வெள்ளிக்கென்று வழி உண்டு. படங்களை இரண்டுமுறை அடுக்க வேண்டும்: ஒருமுறை விண்மீன்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, இன்னொருமுறை வால்வெள்ளியின் தலையைப் பொருத்தி. இரண்டாவதில் விண்மீன்கள் கோடுகளாகும்; சராசரி எடுக்கும்போது எல்லை மீறும் பிக்சல்களை ஒதுக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் அவை பெரும்பாலும் மறைந்துவிடும். மிஞ்சுவதை ஸ்டார்நெட் என்ற மென்பொருள் நீக்கும். பிறகு இரண்டையும் சேர்த்தால் கூர்மையான விண்மீன்கள், கூர்மையான வால்வெள்ளி.

அந்தி வானத்தின் ஆரஞ்சு, நீலச் சாய்வை நீக்க கிராக்ஸ்பெர்ட் என்ற மென்பொருள் உதவும். இங்கேதான் பலர் வாலையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். பின்னணி மாதிரிப் புள்ளிகளை வால்மேலும், வால் நீளக்கூடிய திசையிலும் வைக்காதீர்கள். மலை தெரியும் படத்தில் சாய்வை முழுதாக நீக்கவும் கூடாது; அந்தி நிறம் இல்லாமல் மலைக்குமேல் கறுத்த வானம் இருந்தால் பார்ப்பவருக்கு ஏதோ பொய் என்று தோன்றிவிடும்.

கர்வ்ஸை (வெளிச்ச அளவை மாற்றும் வளைகோட்டுக் கருவி) நாலைந்து சிறு தவணைகளில் ஏற்றுங்கள். தலை பச்சையாகவும், வாயு வால் நீலமாகவும், தூசு வால் மஞ்சளாகவும் தானே பிரிந்து வரும். செறிவைக் கூட்டி வரவழைக்க வேண்டியதில்லை. தலையிலிருந்து சூரியனை நோக்கி ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். பூமி வால்வெள்ளியின் சுற்றுப்பாதைத் தளத்தைக் கடக்கும்போது தெரியும் எதிர்வால் அது. 2024 அக்டோபர் நடுவில் சூசின்ஷான்-அட்லஸில் பலருக்கும் கிடைத்தது.

படக்குறிப்பில் தேதி, உலகப் பொது நேரத்தில் மணி நிமிடம், இடத்தின் உயரம், லென்ஸ், எத்தனை நொடியில் எத்தனை படம் என்று எழுதி வையுங்கள். சூரியக் காற்று மாறும்போது வாயு வால் சில சமயம் தலையிலிருந்து அறுந்து விலகிப் போகும். உங்களுக்கு இருட்டி முடிந்த சில மணி நேரம் கழித்து வேறொரு நாட்டில் இருட்டும். அங்கே எடுத்த படத்தையும் உங்களுடையதையும் நேரத்தோடு பக்கத்தில் வைத்தால் அறுந்த துண்டு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று அளந்துவிடலாம்.